சிறுபாலம் மூழ்குமுன் மோட்டார் கிளம்பட்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். நம் மலேசியாவில் வடகிழக்குப் பருவமழை நவம்பரில் பிடித்தால் மார்ச் வரை விடாது. இந்தக் காலத்தில் வெள்ள முன்னெச்சரிக்கைத் துண்டறிக்கைகள் நிறைய வருகின்றன. காடியை (காரை) மேட்டில் நிறுத்துங்கள், காடிக்கு எண்ணெய் (பெட்ரோல்) நிரப்பி வையுங்கள் என்றுதான் நாங்கள் பார்த்தவற்றில் எல்லாம் இருக்கிறது. தோட்டத்து லயத்துக்கு, அதாவது தொழிலாளர் வரிசை வீடுகளுக்குப் போய்ப் பார்த்தால் வாசலுக்கு வாசல் மோட்டார் (மோட்டார் சைக்கிள்) நிற்கும். காடி அங்கொன்றும் இங்கொன்றும். கப்சாய் என்கிற சின்ன மோட்டார்தான் அங்கே குடும்ப வாகனம். அதை வைத்துக்கொண்டு ஒரு குடும்பம் வெள்ளத்துக்கு முன் எப்படி வெளியேறுவது என்று யாரும் எழுதிக் கொடுப்பதில்லை. வெள்ளம் வடிந்த பிறகு சேறும் தண்ணீருமாகத் தள்ளிக்கொண்டு வரப்படும் மோட்டார்களைப் பிரித்துப் பார்க்கும் பட்டறைக்காரர்கள் நாங்கள். எங்களுக்குத் தெரிந்ததை உங்கள் பத்திரிகை வழியாகச் சொல்ல நினைக்கிறோம்.

"புயல், சூறாவளியெல்லாம் நம்மூருக்கு வராது" என்று சொல்பவர்களுக்கு முதலில் ஒரு வார்த்தை. பூமத்திய ரேகைக்கு இவ்வளவு பக்கத்தில் சூறாவளி உருவாவது அபூர்வம் என்பது உண்மைதான். ஆனால் 2001 டிசம்பர் 27ஆம் தேதி வாமெய் புயல் இதே ஜொகூரின் தென்கிழக்குக் கரையில்தான் ஏறியது. 2021 டிசம்பரில் ஷா ஆலாம் ஸ்ரீ மூடாவை மூழ்கடித்த மழையும், தீபகற்பத்தைக் குறுக்கே கடந்த ஒரு காற்றழுத்தத் தாழ்வு கொண்டுவந்த மழைதான். நம் சிகாமட் மாவட்டத்துக்கோ புயலே தேவையில்லை. 2006 டிசம்பர், 2007 ஜனவரி, 2011 ஜனவரிக் கடைசி, 2023 மார்ச் என்று வெறும் தொடர்மழையே போதுமானதாக இருந்திருக்கிறது. நமக்குக் காற்றைவிடத் தண்ணீர்தான் பெரிய எதிரி. ஆகவே இந்தக் கடிதத்திலும் தண்ணீரைப் பற்றித்தான் அதிகம்.

மோட்டாரை நம்பி வெளியேற முடிவது, சாலையில் தண்ணீர் ஏறும்வரைதான். இங்கேதான் எல்லாரும் ஏமாறுகிறார்கள். பழைய லயங்கள் பெரும்பாலும் மேட்டில் கட்டப்பட்டவை. தோட்டச் சாலை பள்ளத்தில் இறங்கி ஓடையைக் கடந்துதான் பெரிய ரோட்டுக்கு ஏறும். அந்தப் பள்ளத்தில், சாலைக்கு அடியில் சிமெண்டுக் குழாய் போட்ட சிறுபாலம் ஒன்று இருக்கும். வீட்டு வாசலில் தண்ணீர் வருவதற்குப் பல மணி நேரத்துக்கு முன்பே அது மூழ்கிவிடும். வாசலில் நின்று, "இன்னும் தண்ணி வரல, சாப்பிட்டுட்டுப் போகலாம்" என்று சொல்கிறபோது வழி ஏற்கெனவே அடைபட்டிருக்கும். எனவே உங்கள் வழியில் எது மிகத் தாழ்ந்த இடம் என்பதை மழை இல்லாத ஒரு நாளில் ஓட்டிப் பார்த்துத் தெரிந்துகொள்ளுங்கள். கிளம்பும் நேரத்தை அந்த இடம் சொல்லட்டும்.

எவ்வளவு முன்னால் கிளம்ப வேண்டும் என்பதற்கு ஒரு கணக்கு இருக்கிறது. அப்பா, அம்மா, பாட்டி, இரண்டு பிள்ளைகள்; ஒரே மோட்டார். துயர் துடைப்பு மையம் ஆறு கிலோமீட்டர் தள்ளி. சட்டப்படி பின்னால் ஒருவர்தான். அப்படியானால் நாலு பேரைக் கொண்டுபோய்ச் சேர்க்க நாலு தடவை போக வேண்டும், மூன்று தடவை திரும்பி வர வேண்டும். மொத்தம் ஏழு ஓட்டம். மழையில் செம்மண் சாலையில் மணிக்கு 25 கிலோமீட்டருக்கு மேல் போகக்கூடாது. ஒரு ஓட்டத்துக்குக் கால் மணி நேரம் வைத்தால் ஏழுக்கு 105 நிமிடம். ஏற்றுவது, இறக்குவது, மழைக்கோட்டு மாட்டுவது என்று நாலு நடைக்கும் சேர்த்து இன்னொரு நாற்பது நிமிடம். ஆக இரண்டரை மணி நேரம் ஓடிவிடும். இதை யாரும் கணக்குப் போட்டு வைப்பதில்லை. மூன்றாவது நடையில் சிறுபாலம் மூழ்கினால், குடும்பம் ஆற்றுக்கு இந்தப் பக்கம் பாதி, அந்தப் பக்கம் பாதி.

இதற்குச் சுலபமான மாற்று உண்டு. மையம் வரை ஒரே மூச்சில் கொண்டுபோகாதீர்கள். முதலில் எல்லாரையும் சிறுபாலத்துக்கு அந்தப் பக்கம், மேட்டில் இருக்கிற கோயிலிலோ பஸ் நிறுத்தத்திலோ கொண்டு சேருங்கள். அது இரண்டு கிலோமீட்டர் என்றால் ஓர் ஓட்டம் ஐந்து நிமிடம். எல்லாம் சேர்ந்து ஒன்றேகால் மணி நேரத்தில் முடிந்துவிடும். அதன் பிறகு மையத்துக்கு நிதானமாகப் போகலாம், அல்லது லோரி, காடி கேட்டு வாங்கலாம். நடக்க முடிந்தவர் அந்த இரண்டு கிலோமீட்டரை அரை மணியில் நடந்தே கடந்துவிடுவார். அவரை ஏற்றிப் போகும் ஒரு நடை மிச்சமாகும்.

யார் முதலில், யார் கடைசியில் என்பது, ஆடு, புலி, புல்லுக்கட்டை ஒரே ஓடத்தில் அக்கரை சேர்க்கும் பழைய விடுகதை மாதிரி. அங்கே போய்ப் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும். ஆகவே பாட்டி முதலில். பிறகு சின்னப் பிள்ளை, பிறகு பெரிய பிள்ளை. கடைசி ஆள், வழி அடைபட்டால் தனியாக மேட்டுக்கு ஏறி நடக்கத் தெம்புள்ளவராக இருக்க வேண்டும். அது அம்மா. பாட்டியைக் கடைசிக்கு வைப்பதுதான் பல வீடுகளில் நடக்கிற தவறு. "முதல்ல பிள்ளைங்க போகட்டும்" என்று அவரே சொல்வார், கேட்காதீர்கள்.

மூன்று பேர் ஒரே மோட்டாரில் ஏறினால் சமன் (அபராதச் சீட்டு) கிடைக்கும் என்பது ஒரு பக்கம். வெள்ள நேரத்தில் யாரும் சமன் எழுதப் போவதில்லை என்று நினைப்பவர்கள் வேறு ஒன்றைக் கவனிக்க வேண்டும். மூன்றாவது ஆள் பின்சக்கர அச்சுக்குப் பின்னால் உட்காருகிறார். அதனால் முன்சக்கரம் மேலெழும்பி, ஈரச் செம்மண்ணில் ஹேண்டல் சொன்ன பேச்சைக் கேட்காது. சிறுபாலத்து மேட்டில் சறுக்கினால் மூவரும் வாய்க்காலில்தான். பிள்ளையை முன்னால் நிறுத்தினாலும் ஹேண்டல் திருப்புகிற கை இடிக்கும். மிதியில் கால் எட்டாத பிள்ளையை மோட்டாரில் ஏற்றாதீர்கள். அதைத் தூக்கிக்கொண்டு நடங்கள், அல்லது தோட்ட லோரியில் அனுப்புங்கள். துணியால் பிள்ளையை ஓட்டுபவரோடு சேர்த்துக் கட்டுவதும் வேண்டாம். தண்ணீரில் விழுந்தால் அந்த முடிச்சு அவிழாது.

அறிவிப்புகளைப் பற்றி ஒரு குழப்பம் தீர வேண்டும். வானிலைத் துறை, தொடர்மழைக்கு மஞ்சளில் வாஸ்பாடா (விழிப்பு), ஆரஞ்சில் புருக் (மோசம்), சிவப்பில் பஹாயா (ஆபத்து) என்று மூன்று நிலை சொல்கிறது. அது வானத்தைப் பற்றியது. வடிகால் நீர்ப்பாசனத் துறை ஆற்றின் அளவை நார்மல், வாஸ்பாடா, அமாரான் (எச்சரிக்கை), பஹாயா என்று சொல்கிறது. அது ஆற்றைப் பற்றியது. இரண்டிலும் வாஸ்பாடா, பஹாயா என்ற அதே சொற்கள் வருவதால் ஒன்றை மற்றொன்றாக எடுத்துக்கொள்கிறார்கள். மழைக்கு மஞ்சள் வந்ததும் எண்ணெய் நிரப்பிப் பையைக் கட்டுங்கள். உங்கள் ஓடை சேரும் ஆற்றின் அளவு வாஸ்பாடாவைத் தொட்டதும் முதல் நடை புறப்படட்டும். அமாரான் வரட்டும் என்று காத்திருப்பது காடிக்காரர்களின் கணக்கு. மோட்டார்க்காரர்களுக்கு அது காலங்கடந்த கணக்கு. மழை நின்றுவிட்டது என்றும் ஆறுதல் கொள்ள வேண்டாம். மேலே மலைப்பக்கம் பெய்தது இங்கே வந்து சேர நேரம் எடுக்கும். வெயில் அடிக்கும்போதே ஆறு ஏறும்.

இனி மோட்டார். கப்சாய் டேங்கில் நாலு லிட்டர் சொச்சம்தான் பிடிக்கும். ஏழு ஓட்டத்துக்கு ஒரு லிட்டர்தான் செலவாகும் என்றாலும் முழுக்க நிரப்பி வையுங்கள். மின்சாரம் போனால் எண்ணெய் நிலையத்தின் பம்பும் நின்றுவிடும். போத்தலில் பெட்ரோல் வாங்கிப் பையில் வைத்துக்கொண்டு போவது வேண்டவே வேண்டாம். அது கசிந்து துணிமணி, மருந்து எல்லாவற்றையும் பாழாக்கும். தீப்பிடித்தால் அதோடு போயிற்று.

டயரில் காற்று. பின்னால் ஆள் ஏறும்போது பின்டயருக்குத் தனியாக ஓட்டுவதைவிட அதிகக் காற்று வேண்டும். பல கப்சாய்களில் தனியாள் என்றால் 33 பிஎஸ்ஐ, இருவர் என்றால் 41 என்று செயின் கவரில் ஒட்டிய ஸ்டிக்கரிலேயே இருக்கும். செம்மண்ணில் பிடிப்பு வேண்டுமென்று காற்றைக் குறைக்கிறவர்கள் உண்டு. இரண்டு பேர் பாரத்தோடு ஒரு கல்லில் ஏறினால் டியூப் ரிம்மோடு நசுங்கி இரண்டு ஓட்டை விழும், பாம்பு கடித்த மாதிரி. செம்பனை மட்டையின் முள்ளுக்கோ எந்தக் காற்றழுத்தமும் கணக்கில்லை. காற்றடித்த பிறகு தோட்டச் சாலை முழுக்க மட்டைதான் கிடக்கும். 17 அங்குல டியூப் ஒன்று, டயர் கழற்றும் கரண்டி இரண்டு, கைப்பம்பு ஒன்று, அச்சு நட்டுக்குப் பொருந்தும் சாவி. இவை இல்லாமல் செம்பனைக் காட்டு வழியில் குடும்பத்தை ஏற்றாதீர்கள்.

மழையில் திடீரென்று எஞ்சின் விக்கி நிற்பதற்குப் பாதிக் காரணம் பிளக் மூடிதான். ஹோண்டா இஎக்ஸ்5 மாதிரி எஞ்சின் படுக்கைவாட்டத்தில் இருக்கிற வண்டியில் பிளக் முன்சக்கரத்துக்குப் பின்னால் தாழ்வாக இருக்கிறது. சக்கரம் வாரி அடிக்கிற தண்ணீர் நேராக அதன் மேல்தான். ரப்பர் மூடி வெடித்திருந்தால் மாற்றிவிடுங்கள். புது மூடியின் வாய் விளிம்பில் கொஞ்சம் சிலிக்கோன் கிரீஸ் தடவுங்கள். கார்புரேட்டர் வண்டியில் கீழே தொங்கும் மெல்லிய குழாய்களையும் பாருங்கள். அவற்றில் ஒன்று காற்று வாங்கும் குழாய். அதன் நுனி தண்ணீரில் மூழ்கினால் கார்புரேட்டருக்கு மூச்சு முட்டி, எண்ணெய் இறங்காமல் எஞ்சின் அணைந்துவிடும். அதை மட்டும் மேலே தூக்கிக் கட்டுங்கள். வடிகால் குழாய் கீழேயே இருக்கட்டும். பழைய வண்டியே இந்த விஷயத்தில் மேல் என்பது எங்கள் எண்ணம். பேட்டரி செத்தாலும் கிக் அடித்தால் கிளம்பும்.

சாமான் பத்துப் பன்னிரண்டு கிலோவுக்கு மேல் வேண்டாம். மைகார்டு (அடையாள அட்டை), பிறப்புப் பத்திரம், வங்கிப் புத்தகம், ஒரு வாரத்துக்கு மருந்து, கைவிளக்கு, பவர்பேங்க். எல்லாம் இரட்டைப் பிளாஸ்டிக்கில். இன்சுலின் இருந்தால் வாயகன்ற பிளாஸ்கில், ஐஸ் நேராகப் படாமல் துணி சுற்றி. உறைந்துபோன இன்சுலினால் பயனில்லை. பையை ஹேண்டலில் மாட்டாதீர்கள். காற்றில் அது ஆடினால் முன்சக்கரமும் சேர்ந்து ஆடும். காலுக்கு நடுவில் இருக்கிற கொக்கியில் தொங்கவிட்டு, பழைய டியூபை அறுத்த கயிற்றால் இறுக்குங்கள். கேஸ் தோங்கை (சிலிண்டரை) தூக்கிக்கொண்டு வருகிறவர்களையும் பார்த்திருக்கிறோம். வால்வை மூடி வீட்டிலேயே கட்டிப் போடுங்கள்.

உடுப்பு விஷயத்தில் கண்டிப்பாக இருங்கள். பொன்சோ போன்ற ஒற்றை மழைக்கோட்டு காற்றில் பாய்மரம் மாதிரி உப்பும். அதன் ஓரம் பின்சக்கரத்தில் சிக்கினால் உடுத்தியவரை இழுத்துத் தள்ளும். சட்டை, கால்சட்டை என்று இரண்டாகப் பிரிந்த மழை உடுப்புதான் சரி. சேலை, கைலி கட்டியவர் ஒரு பக்கமாகக் காலைப் போட்டு உட்காரக்கூடாது. செயினில் துணி சிக்கும், செம்மண்ணில் பாரம் ஒரு பக்கம் சாயும். பாட்டியாக இருந்தாலும் அன்றைக்கு ஒரு நாள் கால்சட்டை போடட்டும். முழங்கால் வரை வரும் ரப்பர் பூட்ஸில் தண்ணீர் புகுந்தால் கல்லைக் கட்டிய மாதிரி. கயிறு கட்டும் கேன்வாஸ் சப்பாத்துதான் நல்லது. ஹெல்மெட் கண்ணாடி மங்காமலிருக்க, பாத்திரம் கழுவும் சோப்பை உட்பக்கம் ஒரு சொட்டுத் தேய்த்து, காய்ந்த துணியால் துடைத்துவிடுங்கள்.

காற்று எவ்வளவு இருந்தால் போகலாம்? அளக்கக் கருவி வேண்டாம். குடை பிடிக்கச் சிரமமாக இருந்தால் காற்று மணிக்கு 40, 50 கிலோமீட்டரைத் தொட்டுவிட்டது. மரத்திலிருந்து சிறு கிளைகள் முறிந்து விழுந்தால் 60ஐத் தாண்டிவிட்டது. முதல் நிலையில் பின்னால் ஆளில்லாமல், தாழ்ந்த வேகத்தில், மேட்டில் இருக்கிற பாதுகாப்பான இடம் வரை போகலாம். இரண்டாவது நிலையில் மோட்டாரை எடுக்கவே வேண்டாம். நூறு கிலோ சொச்சம் உள்ள வண்டியைப் பக்கக் காற்று ஒரு தடம் தள்ளிவிடும். எதிரே லோரி வந்தால் அவ்வளவுதான். இரண்டு வழி இருந்தால் பால்மரக் (ரப்பர் மரக்) காட்டு வழியை விட்டுச் செம்பனை வழியைப் பிடியுங்கள். பால்மரம் காற்றில் நடுவில் முறிந்து குறுக்கே விழும். செம்பனை மட்டையைத்தான் உதிர்க்கும், மரம் எளிதில் முறியாது. அறுந்து விழுந்த மின்கம்பி தண்ணீரில் கிடந்தால் அந்த வழியே வேண்டாம், திரும்பிவிடுங்கள்.

இப்போது எல்லாரும் கேட்கிற கேள்வி: சாலையில் தண்ணீர் ஏறிவிட்டது, கடக்கலாமா?

ஓடுகிற தண்ணீர் என்றால், கணுக்கால் அளவுக்கு மேல் இருந்தால் கூடாது. கேலியாகத் தோன்றும். ஆனால் 15 சென்டிமீட்டர் ஆழத்தில் வேகமாக ஓடும் நீர் வளர்ந்த ஆளின் காலையே வாரிவிடும். நீரின் வேகம் இரண்டு மடங்கானால் அது தள்ளும் பலம் நாலு மடங்காகிறது. மோட்டாருக்கோ தரையில் பதிந்திருப்பது இரண்டு உள்ளங்கை அகல ரப்பர்தான். கம்பிச் சக்கரத்துக்குள் நீர் புகுந்து போனாலும் எஞ்சின், செயின் கவர், நான்கு கால்கள் எல்லாம் அணைபோல நின்று தாங்கும். அதிலும் சிறுபாலத்தின் மேல் நீர் ஓடும்போது அடியிலும் ஓடுகிறது. குழாயைச் சுற்றி மண்ணை அரித்துக்கொண்டிருக்கும். மேலே பார்த்தால் சாலை முழுசாக இருப்பதாகவே தெரியும். மேல்பக்கத்தில் தண்ணீர் சுழிபோட்டு உள்ளே இறங்கினாலோ, கீழ்ப்பக்கத்தில் கலங்கிய நீர் குமிழியிட்டாலோ, சாலை ஓரத்தில் நீளவாக்கில் வெடிப்பு தெரிந்தாலோ, சக்கரம் ஏறிய கணத்தில் அது உட்காரலாம். மரப்பலகைப் பாலம் இன்னும் மோசம். நீர் தொட்டதும் ஆணி விட்ட பலகைகள் மிதந்து, சக்கரம் புகும் அளவுக்கு இடைவெளி விட்டுவிடும்.

அசையாமல் தேங்கி நிற்கிற தண்ணீர், தெரிந்த தார்ச்சாலை என்றால் அளவு ஒரு சாண். ஏனென்று சொல்கிறோம். 17 அங்குலச் சக்கரத்தின் அச்சு தரையிலிருந்து ஏறத்தாழ 28 சென்டிமீட்டரில் இருக்கிறது. எஞ்சினின் அடிவயிறு அதற்குப் பாதி உயரத்தில். எக்ஸோஸ் வாய் அச்சை ஒட்டி. ஒரு சாண் தண்ணீரில் எஞ்சின் ஏற்கெனவே பாதி நனைகிறது. அதற்கு மேல் முன்சக்கரம் எழுப்பும் அலை நாலைந்து விரல் உயரும். ஆகவே ஒரு சாணுக்குப் பிறகு மிச்சம் எதுவும் இல்லை. முதலில் ஒருவர் ஆள் உயரக் கம்போடு நடந்து ஆழத்தையும் குழியையும் பார்க்க வேண்டும். பின்னால் இருப்பவர் இறங்கி நடக்கட்டும். முதல் கியரில் போட்டு, எண்ணெய்ப் பிடியை (ஆக்சிலேட்டரை) ஒரே அளவில் பிடித்து, வேகத்தைப் பின் பிரேக்கால் மட்டும் கட்டுப்படுத்துங்கள். கப்சாயில் கிளட்ச் கைப்பிடி இல்லை. எண்ணெய்ப் பிடியை முழுக்கத் தளரவிட்டால் உள்ளே கிளட்ச் பிரிந்து, எஞ்சின் தணிந்து, எக்ஸோஸ் வழியே தண்ணீர் உள்ளே ஏறும். எஞ்சின் ஊதிக்கொண்டே இருந்தால்தான் நீர் வெளியே நிற்கும். நடுவில் கியர் மாற்றாதீர்கள். முன்னால் லோரி போனால் அதன் அலை அடங்கும்வரை நில்லுங்கள். அதன் பின்னாலேயே ஒட்டிப் போவதுதான் தண்ணீர் குடித்து நிற்கிற வண்டிகள் பலவற்றின் கதை. கடந்த பிறகு ஐம்பது அறுபது அடி தூரம் இரண்டு பிரேக்கையும் லேசாக அழுத்தி ஓட்டுங்கள். டிரம் பிரேக்கில் தண்ணீர் புகுந்தால் அது காயும்வரை பிடிக்காது.

நடுத்தண்ணீரில் அணைந்துவிட்டதா? கிக் அடிக்காதீர்கள், ஸ்டார்ட்டரையும் தொடாதீர்கள். உள்ளே புகுந்த நீரைப் பிஸ்டனால் அமுக்க முடியாது; கனெக்டிங் ராடுதான் வளையும். சாவியை அணைத்து மேட்டுக்குத் தள்ளுங்கள். தள்ள முடியாத வேகத்தில் நீர் வந்தால் விட்டுவிட்டு நடங்கள். ஹேண்டலைக் கடைசிவரை பிடித்திருந்தவர்களைத் தண்ணீர் வண்டியோடு சேர்த்து இழுக்கும். வழி அடைபட்டு மேட்டில் மாட்டிக்கொண்டால் 999க்கு அழைத்து, தோட்டப் பெயர், டிவிஷன், எத்தனை பேர், நடக்க முடியாதவர் எத்தனை பேர் என்று சொல்லுங்கள்.

மோட்டாரை விட்டுப் போவதாக இருந்தால் மேட்டில் நடுக்கால் போட்டு நிறுத்தித் தூணோடு கட்டுங்கள். பேட்டரியின் எதிர்முனைக் கம்பியைக் கழற்றி, எக்ஸோஸ் வாயைப் பிளாஸ்டிக்கில் சுற்றிய துணியால் அடையுங்கள். பல கப்சாய்களுக்கு மூன்றாம் தரப்புக் காப்புறுதிதான் இருக்கிறது. வெள்ளச் சேதத்துக்கு அதில் காசு வராது. முழுக் காப்புறுதியிலும்கூட வெள்ளத்துக்கென்று தனியாகச் சேர்த்திருந்தால்தான் வரும்.

தண்ணீர் வடிந்த பிறகு ஆசைப்பட்டு ஸ்டார்ட் செய்து பார்க்கிறவர்களால்தான் எங்கள் பட்டறைக்கு அதிக வேலை. முழுகிய வண்டியில் சாவியைத் திருப்பாதீர்கள். எஃப்ஐ வண்டியில் (கார்புரேட்டர் இல்லாமல் கம்ப்யூட்டர் மூலம் பெட்ரோல் பீச்சும் வண்டி) கம்ப்யூட்டர் பெட்டி ஒரே நொடியில் போய்விடும். பிளக்கை 16 மில்லிமீட்டர் சாவியால் கழற்றி, பத்துப் பதினைந்து தடவை மெதுவாகக் கிக் அடித்தால் உள்ளே இருக்கும் நீர் பீச்சிக்கொண்டு வெளியே வரும். ஏர்ஃபில்டர் காகிதமாக இருந்தால் வீசுங்கள், பஞ்சாக இருந்தால் கழுவிக் காயவையுங்கள். கார்புரேட்டர் அடித் திருகைத் திறந்து வடியுங்கள். டேங்கில் நீர் பெட்ரோலுக்கு அடியில்தான் தங்கும், அதையும் வடிக்க வேண்டும். பிறகு எஞ்சின் எண்ணெய். அது தே தாரிக் (பால் தேநீர்) நிறத்தில் வந்தால் தண்ணீர் கலந்துவிட்டது. விலை குறைந்த எண்ணெய் ஒரு போத்தல் ஊற்றி, ஐந்து நிமிடம் சும்மா ஓடவிட்டு, சூட்டோடு வடியுங்கள். நிறம் தெளியும்வரை இரண்டு மூன்று தடவை இதே வேலை. கடைசியில்தான் நல்ல எண்ணெய். டிரம்மைத் திறந்து சேற்றைக் கழுவாமல் ஓட்டினால் பிரேக் கட்டை உப்புத்தாளில் உரசிய மாதிரி தேய்ந்துவிடும்.

தோட்ட நிர்வாகங்களிடமும் மாவட்ட அலுவலகத்திடமும் எங்களுக்கு மூன்று கோரிக்கைகள் உண்டு. மையமாகத் திறக்கப்படும் பள்ளிகளிலும் பாலாய் ராயாக்களிலும் (ஊர்ப் பொது மண்டபங்களிலும்) மோட்டார் நிறுத்த மேடான, கூரையுள்ள ஓர் இடத்தை ஒதுக்குங்கள். மாதத் தவணை முடியாத மோட்டாரை எங்கே விடுவது என்ற கவலையில்தான் பலர் கிளம்பத் தாமதிக்கிறார்கள். இரண்டாவது, நடக்க முடியாதவர், கைக்குழந்தை உள்ள வீடுகளின் பட்டியலை இப்போதே எடுத்து, எந்த லோரி, யார் ஓட்டுவது என்று எழுதி லயத்தில் ஒட்டுங்கள். மழை பிடித்த பிறகு டிரைவரைத் தேடினால் அவரும் தன் குடும்பத்தைத்தான் ஏற்றிக்கொண்டிருப்பார்.

மூன்றாவது, ஒவ்வொரு சிறுபாலத்தின் இரு முனையிலும் ஓர் அளவுக் கம்பம். சாலை மட்டத்திலிருந்து 20 சென்டிமீட்டர் வரை வெள்ளை, அதற்கு மேல் சிவப்பு, இரவில் ஒளிரும் பட்டை ஒன்று. சாலை ஓரத்தில் நட்டால் போதாது. பாலத்தின் மிகத் தாழ்ந்த இடத்துச் சாலை மட்டத்தை அளந்து, அதற்குச் சரியாக நட வேண்டும். இல்லாவிட்டால் கம்பம் பொய் சொல்லும். அனுமதி கிடைத்தால், எங்கள் பட்டறையைச் சுற்றியுள்ள தோட்டங்களுக்கு வேண்டிய குழாயும் சாயமும் நாங்கள் தருகிறோம். நட்டுக் கொடுக்க ஒரு ஞாயிற்றுக்கிழமை போதும்.

இப்படிக்கு,
மோட்டார் பட்டறைக்காரர்கள் இருவர்,
லாபிஸ், ஜொகூர்